அவரை வராத வீடு

நித்திலனுக்கு ஆடிப் பட்டத்தில் அவரை விதை வரவில்லை. பையைப் பிரித்துப் பார்த்ததும் எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம்தான். இனிமேல் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வருத்தமும் வந்தது. ஆனால் அது பக்கத்தில் நாலு பேர் நின்றுகொண்டிருந்ததால் வந்தது.

எங்கள் குடியிருப்புக்குப் பத்து மாடி, ஒரே மொட்டைமாடி. கீழே மண்ணெல்லாம் சாயத்தண்ணீர் ஊறிப் புல்லுக்குக்கூட உதவாமல் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. காய்கறித் தோட்டம் மேலேதான், வீட்டுக்கு நாலு தொட்டி. சுற்றிலும் எங்களைவிட உயரமான கட்டடங்கள் என்பதால் வெயில் ஓரவஞ்சனை செய்யும். முழு வெயில் விழுகிற இடம் தென்கிழக்கு மூலை ஒன்றுதான். கொடிப்பந்தல் போட முடிந்த இடமும் அது ஒன்றுதான். பன்னிரண்டு வருடமாக அதை நித்திலன் வைத்திருந்தான். மூலைக்கான வரிசையில் அடுத்த பெயர் என்னுடையது. வர்ஷினி, ஐந்தாம் மாடி, வயது ஐம்பத்து நாலு. நித்திலன் எதிர்வீடு. என்னைவிட ஐந்து வயது இளையவன், மனைவி இல்லாதவன், ஒரே மகள் சென்னையில் வேலை பார்த்தாள்.

யாருக்கு எந்தக் காய், எந்த ரகம், எந்த நாளில் விதைக்க வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. பட்டப்பெட்டி தீர்மானிக்கும். படி ஏறி முடிகிற இடத்தில் பீரோ உயரத்துக்குச் சுவரில் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டத்துக்கும் வீட்டின் பெயர் எழுதிய ஒரு பையை வெளியே தள்ளும். சர்க்கரை இருக்கிற வீட்டுக்கு மிதிபாகல் வரும். ரத்தம் குறைந்தவளுக்கு முருங்கைக்கீரை. பையில் வராத விதையைப் போட்டால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் திறக்காது. பெட்டி வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் அதற்கு ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்தோம்.

பிறகு ஏழாம் மாடி சுதர்சனுக்கு ஒருமுறை வெறும் கீரை விதையாக வந்தது. "நம்மளை மாடுன்னு நெனைச்சுட்டுது போல" என்று சிரித்தார். இருபத்திரண்டாம் நாள் செத்துப்போனார். அடுத்த வருடம், முள்ளங்கிக்கு மேல் ஒன்றும் வராத ஒருத்தி நாற்பதாம் நாள் போனாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பறிக்க இருக்கமாட்டாதவனுக்குக் கொடி எதற்கு, அந்தத் தண்ணீரை இருக்கப்போகிறவனுக்குக் கொடுக்கலாமே என்று பெட்டி யோசிக்கிறது. நிறுவனத்தைக் கேட்டால், ஆயுளை நாங்கள் பார்ப்பதில்லை, விளைச்சலைத்தான் பார்க்கிறோம் என்றார்கள். பெட்டிக்கு எப்படித் தெரிகிறது என்று மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து எடுக்கிறது என்று பாதிப் பேரும், கழிவறைத் தண்ணீரை மோந்து பார்க்கிறது என்று மீதிப் பேரும் நம்பினோம்.

அதோடு ஜாதகக்காரர்கள் பிழைப்பு போயிற்று. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடித்து முடித்ததும் விதைப்பையைக் கேட்டார்கள்.

என் கைராசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் போட்ட விதை முளைக்காமல் போனதே இல்லை. ஒரு காலத்தில் பட்டம் தொடங்கினால் பத்து மாடிக்காரர்களும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் முதல் விதையை மண்ணில் அழுத்துவேன், வெற்றிலைபாக்கு கொடுப்பார்கள். என் வீட்டுத் தொட்டியில் மட்டும் நான் கை வைக்கமாட்டேன். கைராசிக்காரி தன் தொட்டியில் போட்டால் ராசி தங்காது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. என் வீட்டுக்குக் கணவர்தான் போடுவார். பைக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது தெரிந்த பிறகு மற்றவர்கள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். தன் தலையெழுத்தைத் தானே போட்டுக்கொள்வதுதான் நல்லது என்று நினைத்தார்களோ என்னவோ. நித்திலன் ஒருத்தன்தான் விடாமல் கூப்பிட்டான். முட்டாள். அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்றும் அவன்தான் என்னை மேலே கூட்டிப்போனான். கையில் வெற்றிலைபாக்கு, முகத்தில் சிரிப்பு. பந்தல் கம்பியெல்லாம் துடைத்து, புதுக் கயிறு கட்டி வைத்திருந்தான். பையைப் பிரித்தேன். முள்ளங்கி, வெண்டை, அரைக்கீரை. கையை விட்டுத் துழாவினேன். தொண்ணூறு நாளுக்கு மேல் போகிற எதுவும் அதில் இல்லை. என் பையில் பந்தல் அவரையும் புளியம்பூக் கத்திரியும் இருந்தன, தை மாதம்வரை காய்க்கிற சாமான்கள்.

"அக்கா, அவரை எங்கீங்க?" என்றான் நித்திலன்.

மூன்றாம் மாடி தாரிணி தன் மகளை இழுத்துக்கொண்டு கீழே போனாள். மூலைக்கான வரிசையில் எனக்கு அடுத்த பெயர் அவளுடையது.

"தப்பா வந்திருக்குமுங்க. வருஷா வருஷம் இந்தப் பந்தலுக்கு அவரைதானுங்களே" என்று அவன் மறுபடி சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

பத்து நாளில் எல்லா டாக்டரையும் பார்த்துவிட்டு வந்தான். ஒரு குறையும் இல்லை என்றார்கள். அந்தச் சீட்டுகளை வீடு வீடாகக் காட்டினான். "டாக்டருக்கு முன்னாடியே பெட்டிக்குத் தெரிஞ்சுரும் நித்திலா. சுதர்சனும் இப்படித்தான் நல்லா இருந்தாரு" என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது மெலிந்துபோன என் தோளிலிருந்து ரவிக்கை நழுவியது, சரிசெய்துகொண்டேன். அந்த வருடம் நான் நன்றாக இளைத்திருந்தேன். எல்லோரும் என்ன ரகசியம் என்று கேட்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

குடியிருப்புக் கூட்டம் போட்டோம். தொண்ணூறு நாளைக்கு மேல் போகிற விதை பையில் வராதவரிடம் பந்தல் மூலை இருக்கக்கூடாது என்பது விதி, அதை எழுதியவளும் நான்தான். யாராவது எதிர்த்துப் பேசுவார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

"இந்தப் பட்டம் மட்டும் விட்டுக் குடுங்கக்கா. முள்ளங்கியாவது அந்த வெயில்ல போட்டுக்கறேன்" என்றான்.

"முள்ளங்கிக்கு எதுக்குப்பா பந்தலு?" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது.

அன்றைக்கே அவனுடைய தொட்டிகளை நிழலுக்குத் தள்ளினோம். அவன் கட்டிய புதுக் கயிறு என் அவரைக்கு ஆயிற்று. விதையைக் கணவர் போட்டார். நான் பக்கத்தில் நின்று இடம் காட்டினேன்.

அப்படியும் அவன் மறுநாள் என் வாசலில் வந்து நின்றான். கையில் மறுபடியும் வெற்றிலைபாக்கு.

"முள்ளங்கியை நீங்களே போட்டுக் குடுங்கக்கா."

"நான் எதுக்கு?"

"உங்க கைராசிங்க. நீங்க போட்டா அடுத்த பையிலாவது மாறி வரும்னு ஒரு இதுங்க."

மூலையைப் பிடுங்கிக்கொண்டவள் இதையாவது செய்யலாம் என்று போனேன். நாலு தொட்டியிலும் விரலை ஆழமாக அழுத்தி ஒவ்வொரு விதையாகப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாளே முளைத்தது.

வேலை செய்யும் இடத்தில் அவனை நிறுத்திவிட்டார்கள். பழைய ஆள் போவதற்குள் புது ஆளுக்குக் கற்றுக்கொடு என்று பதினைந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். லிப்டில் அவன் ஏறினால் மற்றவர்கள் இறங்கினார்கள். ஒட்டுகிற நோய் இல்லை என்று தெரிந்தும் இறங்கினார்கள். அவன் படியிலேயே ஏறி இறங்கத் தொடங்கினான். ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கினால், "பாத்தீங்களா, ஆரம்பிச்சுடுச்சு" என்றோம்.

அவன் மகள் இதழினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயத்தின்போது பழைய பையைத்தான் காட்டியிருந்தார்கள். விஷயம் காதுக்குப் போய், மாப்பிள்ளையின் அம்மா ஹரிப்பிரியா ஒரு நாள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். எதிர்வீட்டுக்காரி உண்மை சொல்வாள் என்ற நம்பிக்கை. நானும் சொன்னேன். முள்ளங்கி, வெண்டை, அரைக்கீரை. விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. டீயை ஊதிக் குடித்துவிட்டு, காய்கறிக்காரனிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"பொண்ணு தங்கமுங்க. விட மனசில்லை. ஆனா பாருங்க, கல்யாணம் முடிஞ்சு ரெண்டாம் மாசம் இவரு போனாருன்னா, மருமக கால் வெச்ச நேரமுன்னு எங்க பக்கம் பேசுவாங்க. முகூர்த்தத்துக்கு முன்னாடி போனாருன்னா ஒரு வருஷம் நல்ல காரியம் ஆகாது. அதுவும் எப்பப் போவாருன்னு காத்துட்டு உக்காந்திருக்கோணும். போறது போறாரு, சுருக்கா போய்ட்டாருன்னா வருஷம் திரும்பினதும் நாங்க தேதி வெச்சுக்குவோமுங்க."

ஊருக்கு ஊர் அமைதி இல்லங்கள் வந்திருந்தன. பை சுருங்கியவர்கள் தாங்களே நாள் குறித்துக்கொண்டு போய்ப் படுப்பார்கள், வலியில்லாமல் முடித்துவைப்பார்கள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. போய் அவனிடம் சொல்வதற்கும் என்னைத்தான் பிடித்தாள். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது ஊர்க்காரியம் பார்க்கிற மிதப்பு.

நித்திலன் முள்ளங்கிக்குக் களை எடுத்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் கையைத் தட்டிவிட்டு, "பாப்பாவுக்குத் தெரியுமுங்களா?" என்றான்.

"அவகிட்ட யாரும் சொல்லலை."

"சொல்ல வேண்டாங்க." களையை அள்ளி ஓரமாகப் போட்டான். "இன்னொரு பை பாத்துடலாங்கக்கா. புரட்டாசிப் பையில கத்திரி வந்துட்டாப் போதும். அவரைகூட வேண்டாம். கத்திரி வந்தா நான் போகலீங்க."

புரட்டாசிப் பையை என்னையே பிரிக்கச் சொன்னான். சிறுகீரை. அது மட்டும்தான். ஒரு பிடி கறுப்பு விதை.

அவன் அந்தப் பையை வாங்கி வாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "உங்க கைராசியும் பலிக்கலீங்களேக்கா" என்று என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. என் கையைக் குறை சொல்லிவிட்டானே என்றுதான் சுருக்கென்றது. அவனுக்காக அல்ல.

இரண்டு நாள் கழித்து முள்ளங்கியை எல்லாம் பிடுங்கி வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்தான். கதவைத் திறக்காத வீடுகளுக்கு வாசலில் வைத்தான். பிறகு அமைதி இல்லத்துக்குப் போனான். மகளுக்குச் செய்தி போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதழினி வந்தாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "அப்பாகிட்ட யாரு என்ன சொன்னீங்க?" ஆளுக்கொரு வேலையைச் சொல்லிக்கொண்டு நகர்ந்தோம். ஹரிப்பிரியா துக்கம் கேட்க வந்து, போகும்போது அடுத்த புரட்டாசி கழித்து ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம் என்றாளாம். இதழினி அவளைப் படிவரை கொண்டுவிட்டு, நிச்சயத்தில் வாங்கின தட்டுச் சாமான்களையும் கையோடு கொடுத்தனுப்பினாள். சென்னைக்குத் திரும்பிப் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ஆதிரை, முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பலகைக் கருவி. நித்திலனின் தொட்டிகள் முன்னால் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். வேடிக்கை பார்க்க நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். என் கணவர், தாரிணி, இதழினி எல்லோரும் இருந்தோம்.

"இது மாதிரி எங்களுக்கு வந்ததே இல்லீங்க" என்றாள் அவள். "இல்லத்துல அவரு உடம்பை அப்பறமா சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஒண்ணுமே இல்லீங்க. இன்னும் முப்பது வருஷம் நல்லா இருந்திருப்பாரு."

இதழினி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பறம் ஏன் கீரை வந்துது?" என்றார் என் கணவர்.

ஆதிரை மண்ணுக்குள்ளிருந்து மயிர் போன்ற ஒரு கம்பியை இழுத்துக் காட்டினாள். "வெதை போடறப்ப விரலு மண்ணுல எறங்குதுல்லீங்க, அப்ப இது தொடும். வேர்வையில இருந்து எல்லாம் எடுத்துக்கும். ஆஸ்பத்திரியும் இல்ல, கழிவறையும் இல்லீங்க. கைதான். பெட்டிக்கு வீடு தெரியும், ஆளு தெரியாது, தொட்டியில பட்ட கைதான் தெரியும். வீட்டு ஆளுங்கதானே போடுவாங்கன்னு விட்டுட்டாங்க." பலகையைத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு வருஷப் பதிவு இருக்குதுங்க. இந்த நாலு தொட்டியிலயும் அவரு கை வெதை போட்டதே இல்லை. வேற ஒரு கை. மத்த எந்த வீட்டுத் தொட்டியிலும் அந்தக் கை இல்லை. அதுக்குத்தான் நோவு. அதைப் பாத்துத்தான் கீரை வந்திருக்குது."

நான் என் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"என்ன நோவு?" தாரிணி கேட்டாள்.

"ரத்தத்துல இருக்கறதுங்க. மொதல்ல உடம்பு எளைக்கும், வேற ஒண்ணும் தெரியாது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. யாருன்னு தெரிஞ்சா இன்னிக்கே கொண்டுபோய்ச் சேத்திருவோம். இந்தக் கட்டத்துல சேந்தவங்கள்ல பாதிப் பேரு பொழைச்சிருக்காங்க. நாள் தள்ளினா முடியாதுங்க." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அவருக்கு யாருங்க வெதை போட்டுக் குடுத்தது?"

என் கணவர் பகலெல்லாம் வேலையில் இருப்பவர், அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் யாரும் மேலே வராத மத்தியானத்தில்தான் நான் எப்போதும் நித்திலனுக்குப் போட்டுக் கொடுப்பேன். ஆடியில் நான் பையைப் பிரித்ததைப் பார்த்தவர்கள்கூட, விதை போட்டதைப் பார்க்கவில்லை. சொன்னால் என்னைக் கொண்டுபோவார்கள், பாதி உயிராவது மிஞ்சும். ஆனால் அதே வாயால் முப்பது வருடம் இருக்கவேண்டியவனை நான்தான் அனுப்பினேன் என்றும் சொன்னதாகும். மூலையைப் பிடுங்கினவள், முள்ளங்கிக்கு எதற்குப் பந்தல் என்று கேட்டவள், டீ கொடுத்துத் துப்புச் சொன்னவள், எல்லாம் நான். தாரிணியின் கண் என்மேல் இருந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்குச் சாவைவிட அவளுடைய வாய்க்குத்தான் பயமாக இருந்தது.

"அவனேதான் போடுவான். நான் பாத்திருக்கேன்" என்றேன்.

ஆதிரை இதழினி பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாங்க?"

நித்திலன் ஒவ்வொரு பட்டத்துக்கும் மகளைப் போனில் கூப்பிட்டு, அக்கா வந்து போட்டுக் கொடுத்தார்கள் என்று சொல்கிறவன். எனக்கே தெரியும், பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். சொல்லிவிட மாட்டாளா என்றும் தவித்தேன். அவள் சொன்னால் நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் பிழைக்கலாம்.

இதழினி என் முந்தானையையே பார்த்தாள்.

"அத்தை சொல்றது சரிதானுங்க" என்றாள். "அப்பாவேதான் போடுவாரு. வேற யாரும் தொட்டதில்லை."

"அப்படின்னா கம்பிக் கோளாறுன்னு எழுதிக்கறேங்க" என்றாள் ஆதிரை. கோளாறுக்கு வருத்தம் தெரிவித்தாள், பலகையில் எதையோ அழுத்தினாள், படியிறங்கிப் போனாள். கூட்டமும் கலைந்தது. தாரிணி போகிற போக்கில் என் அவரைப் பந்தலின் அகலத்தைக் கண்ணால் அளந்தாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

நானும் இறங்கப் பார்த்தேன்.

"அத்தை."

இதழினி மடித்த பை ஒன்றை நீட்டினாள். நித்திலனின் சட்டைப்பையில் இருந்தது. "அப்பா போடாம விட்டுட்டுப் போனது. நீங்களே போட்டுக் குடுங்க."

"எதுக்குக் கண்ணு இப்ப?"

"உங்க கைராசியைப் பத்தி அப்பா அவ்வளவு சொல்லுவாரு." அவள் குரலில் கோபமே இல்லை. "சிறுகீரைதானுங்க அத்தை. இருவத்தஞ்சு நாள்ல வந்துரும். நான் எங்கயும் போகலை. இங்கயேதான் இருப்பேன்."

முந்தானையிலிருந்து கையை எடுத்தேன். வேறு என்ன செய்வது? அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்க்க, நாலு தொட்டியிலும் விரலை அழுத்திப் போட்டேன்.

ஆதிரையின் எண்ணை இரண்டு தடவை எடுத்தேன். கூப்பிட்டால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். நாளைக்குக் கூப்பிடலாம் என்று வைத்துவிடுகிறேன். மூலையில் என் அவரை பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. பூக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்கிறார் கணவர்.

இதழினி தினமும் காலையில் மேலே போய்க் கீரைக்குத் தண்ணீர் விடுகிறாள். இறங்கி வரும்போது என் வாசலில் நின்று எத்தனையாவது நாள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இன்றைக்குப் பதினொன்று. மூன்றாம் நாளே முளைத்துவிட்டதாம், ஒரு விதைகூடத் தப்பவில்லையாம். என் கை பட்டு எதுதான் முளைக்காமல் போயிருக்கிறது?